பதினேழாம் நாள்

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில்தான் அந்த வீடு அடங்குகிறது. ஷாமியானாவை முந்தின மாலையே கழற்றிவிட்டார்கள். வாடகை நாற்காலிகள் போயாயிற்று. வெளியூர் அண்ணன் குடும்பத்தோடு ராத்திரி பஸ் ஏறிவிட்டார். தங்கைக்கு மதியம் ரயில். கூடத்தில் மாலை போட்ட படம், அதன் முன்னால் காமாட்சி விளக்கு. உள்ளறையில், கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் இரும்புக் கட்டில் மட்டும் நிற்கிறது. அது வாடகைக் கட்டில். மாதம் பிறந்தால் இன்னொரு வாடகை ஏறும் என்பதால் கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. இரண்டு பையன்கள் வந்து போல்ட்டைக் கழற்றி, கால் மணி நேரத்தில் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

கட்டில் கிடந்த இடத்தில் சக்கரம் அழுந்திய நான்கு வட்டங்கள். சுவரில் தலைமாட்டு உயரத்தில் ஓர் எண்ணெய்க் கறை. ஜன்னல் திட்டில் பாதி தீர்ந்த பவுடர் டப்பா, பிரிக்காத டயப்பர் பாக்கெட் ஒன்று, கிழமை வாரியாக அறை பிரித்த மாத்திரை டப்பா. அதில் வியாழக்கிழமைக்குப் பிறகு எந்த அறையும் காலியாகவில்லை.

வாசற்படியில் நின்று இதைப் பார்ப்பவர் மகளாக இருக்கலாம். கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்ட மகனாக இருக்கலாம். மருமகளாகவும் இருக்கலாம். ஆறு வருஷமோ பத்து வருஷமோ அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, மலம் துடைத்து, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஒருக்களித்துப் படுக்கவைத்தவர். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குப் பதினாறு நாளும் காபி போட்டுக் கொடுத்ததும் பெரும்பாலும் அவர்தான். இப்போது மணி பத்தரை. பத்தரைக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும். கை தானாக அடுப்பை நோக்கிப் போகிறது. பாதியில் நிற்கிறது.

இது ஏதோ ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. வயதான தாய் படுக்கையில் விழுந்து, வருஷக்கணக்கில் வீட்டிலேயே வைத்துப் பார்க்கப்பட்ட எந்த வீட்டுக்கும் இப்படி ஒரு காலை வந்தே தீரும். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட வீடுகள் பெருகிக்கொண்டிருக்கின்றன. 2021-இல் மாநில மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். 2031-இல் இது 18.2 சதவீதத்தைத் தொடும் என்கிறது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் இது. 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்னும் மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. பக்கவாதம், பார்க்கின்சன், இடுப்பெலும்பு முறிவு, புற்றுநோய் எல்லாம் இதற்கு வெளியே தனிக் கணக்கு. இவர்களில் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் வீட்டில் ஒருத்தர் இருக்கிறார். அந்த ஒருத்தரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை; அதுவும், பார்த்துக்கொள்ள வேண்டியவர் போன பிறகு அவருக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி.

"நல்ல சாவு"

துக்க வீட்டில் பேசப்படும் பேச்சுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. இறந்தவருக்கு எண்பதைத் தாண்டியிருந்தால், "பேரன் பேத்தி எடுத்தாச்சு, கல்யாணச் சாவு" என்பார்கள். நெடுநாள் படுக்கையில் கிடந்தவர் என்றால், "போதும்னு போய்ச் சேர்ந்துட்டாங்க." பிறகு பார்த்துக்கொண்டவர் பக்கம் திரும்பி, தோளில் கை வைத்து, "அவங்களுக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை. இனிமேலாவது உன் உடம்பைப் பாரு."

சொல்பவர் மனசில் கள்ளம் கிடையாது. நல்லது நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் அந்தச் சொல் விழுந்த கணத்தில், கேட்டவருக்கு அழும் உரிமை பாதி போய்விடுகிறது. விடுதலை கிடைத்தவர் எப்படி அழ முடியும்? துக்கத்தை வெளியே காட்ட ஊரின் ஒப்புதல் கிடைக்காமல் போகும் இந்த நிலைக்கு அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-இல் ஒரு பெயர் கொடுத்தார்; தமிழில் அதை உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று சொல்லலாம். எதிர்பார்த்த சாவு, வயதான சாவு, நோய்ப்பட்ட சாவு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடும்போது அந்த மறுப்பு முழுமையாகிறது.

நம் ஊரில் இந்த உரிமைக்கு ஒரு காலத்தில் இடம் இருந்தது. ஒப்பாரியில் மகள் தாயை மட்டும் பாடுவதில்லை. தான் பட்ட பாட்டையும் பாடுவாள். கூடப் பிறந்தவன் வராமல் போனது, அண்ணிக்காரி முகம் சுளித்தது, தாய் போனபின் தாய்வீட்டு வாசல் தனக்கு அடைபடப்போவது எல்லாம் ஊர் கூடிய சபையில் ராகத்தோடு வெளியே வரும். யாரும் வாயை மூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது சாவு வீட்டுச் சட்டம். இன்றைக்கு நகரத்து வீட்டில் ஃப்ரீஸர் பெட்டி வருகிறது, அமெரிக்காவிலிருந்து ஒருவர் இறங்கும்வரை காத்திருக்கிறது, மின்மயானத்தில் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு வண்டி கிளம்புகிறது. ஒப்பாரி பாடத் தெரிந்த அத்தைகள் குறைந்துவிட்டார்கள். அந்த இடத்தில் எதையும் நாம் வைக்கவில்லை.

மகனாக இருந்து பார்த்துக்கொண்டவர் நிலை இன்னும் கடினம். தாய்க்குத் துணி மாற்றிய மகனைப் பற்றிப் பேச ஊருக்குச் சொல்லே இல்லை. கொள்ளி வைத்ததை மட்டும்தான் ஊர் பார்க்கிறது.

அந்த நிம்மதி

விடுதலை என்று வெளியார் சொல்வது ஏன் அத்தனை சுடுகிறது? அதில் உண்மை இருப்பதால்தான்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் ஷுல்ஸும் அவர் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தைத் தொட்டது. மறதி நோயுள்ள உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்து, பிறகு இழந்த 217 பேரை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வாரத்துக்குக் குறைந்தது 46 மணி நேரம் இந்த வேலையிலேயே கழித்தவர்கள். அது ஒரு முழுநேர உத்தியோகத்தைவிட அதிகம். பாதிக்கும் மேற்பட்டவர்கள், இருபத்துநாலு மணி நேரமும் பணியில் இருப்பதுபோல உணர்ந்ததாகச் சொன்னார்கள். மரணம் தங்களுக்கு நிம்மதியாக இருந்தது என்று ஒப்புக்கொண்டவர்கள் 72 சதவீதம். இறந்தவருக்கே அது நிம்மதி என்று நம்பியவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் மிக அதிகமாக இருந்த மனச்சோர்வு, மரணத்துக்குப் பின் மூன்று மாதத்துக்குள் கணிசமாகக் குறையத் தொடங்கி, ஓராண்டில் வெகுவாக இறங்கியிருந்தது.

பத்தில் ஏழு பேருக்கு இருந்த உணர்வை ஒருவர் தனக்கு மட்டும் வந்த பாவமாக நினைத்துக்கொண்டு படுக்கிறார். முதல் ராத்திரி இடைவிடாமல் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவுடன் நெஞ்சை அடைக்கும் குற்ற உணர்வு அதனால்தான். அம்மா போனதற்கா நான் இப்படித் தூங்கினேன்? அம்மா போனதற்குச் சந்தோஷப்பட்டதாக அதற்கு அர்த்தம் இல்லை. வருஷக்கணக்கில் ஒரு காதைத் திறந்துவைத்தே தூங்கிய உடம்பு, இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்ததும் தன் பாக்கியைத் தானே வசூலித்துக்கொள்கிறது.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. அதே குழு 2006-இல் வெளியிட்ட அடுத்த கட்டுரையில் இன்னொரு முகம் தெரிந்தது. இப்படி இழந்தவர்களில் 20 சதவீதம் பேர் சிக்கலான, தணியாத துக்கத்தில் மாட்டியிருந்தார்கள். யார் அவர்கள்? முன்பே மனச்சோர்வும் சுமையும் மிகுந்திருந்தவர்கள் என்பது எதிர்பார்த்ததுதான். கூடவே, அந்தப் பணியில் நிறைவு கண்டவர்களுக்கும் அந்த அபாயம் அதிகமாக இருந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்வதே தன் வாழ்க்கைக்குப் பொருள் என்று வாழ்ந்தவர், அம்மாவோடு சேர்த்து அந்தப் பொருளையும் இழக்கிறார். சலித்துக்கொண்டு பார்த்தவரைவிட ஆசையோடு பார்த்தவருக்கு அடி பலமாக விழலாம் என்பது உறவினர்கள் கணக்கில் வராத விஷயம். "அவ நல்லாப் பார்த்துக்கிட்டா, அவளுக்கு ஒரு குறையும் இல்ல" என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள்.

முன்பே தொடங்கிய துக்கம்

படுக்கையில் இருக்கும் தாயை மகள் ஒரே நாளில் இழப்பதில்லை. அம்மா கோலம் போடுவதை நிறுத்திய மார்கழி ஒன்று இருக்கும். சாமி பாட்டில் அடுத்த அடி வராமல் நின்ற சாயங்காலம் ஒன்று இருக்கும். மறதி நோய் என்றால், பெற்ற மகளைப் பார்த்து "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்ட நாள் ஒன்று. அன்றைக்கெல்லாம் யாரும் பந்தல் போடவில்லை. கஞ்சி ஆறிவிடும் என்பதால் அவரும் உட்கார்ந்து அழவில்லை.

உடம்பு எதிரே இருக்க, ஆள் இல்லாமல் போகும் இந்த இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தவர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பாலின் பாஸ். 1970-களிலிருந்து இதை ஆராய்ந்த அவர், 1999-இல் அதே தலைப்பில் புத்தகமும் எழுதினார். இதற்கு வெகு முன்பே, 1944-இல், பாஸ்டன் நகர மனநல மருத்துவர் எரிக் லிண்டெமன் இன்னொன்றைக் கவனித்தார். 1942-இல் 492 பேரைக் கொன்ற இரவு விடுதித் தீவிபத்தில் உறவுகளை இழந்தவர்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரையின் முடிவில், போர்முனைக்குப் போன கணவன் எந்நேரமும் சாகலாம் என்று எண்ணி எண்ணி, முன்கூட்டியே துக்கப்பட்டுத் தீர்த்த மனைவியைப் பற்றிச் சொல்கிறார். கணவன் உயிரோடு திரும்பி வந்தபோது அவள் மனசில் அவனுக்கு இடமே இருக்கவில்லை, விவாகரத்து கேட்டாள்.

முன்துக்கம் என்ற கருத்து அங்கிருந்துதான் புறப்பட்டது. அதை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, "எதிர்பார்த்ததுதானே, மனசு தயாரா இருந்திருக்கும்" என்று நாம் தேறுதல் சொல்கிறோம். போர்முனைக் கணவனை அந்த மனைவி தினமும் தொட்டுக் குளிப்பாட்டவில்லை. படுக்கையில் இருக்கும் தாயோ, ஆள் விலக விலக உடம்பால் நெருங்கி வருகிறாள். முதுகின் எந்த இடத்தில் தோல் சிவக்கிறது, எந்தப் பக்கம் படுத்தால் முனகல் நிற்கிறது, எத்தனை சூடு இருந்தால் விழுங்குகிறாள் என்று தாயின் உடம்பை மகளைவிட அறிந்தவர் உலகத்தில் இல்லை. அத்தனை நெருங்கிய ஒன்றை இழக்க எந்த மனசும் முன்கூட்டித் தயாராவதில்லை.

பாரிஸில் ஒரு மகன்

இந்த அனுபவத்தை வரி வரியாக எழுதி வைத்துவிட்டுப் போனவர் ஒருவர் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த். 1916-இல் வட கடலில் நடந்த ஒரு கடற்சண்டையில் தந்தை இறந்தபோது அவருக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. தாய் ஆன்ரியெத் புத்தகம் பைண்டிங் செய்து பிழைத்து வளர்த்தார். காசநோய்க்காக சானடோரியத்தில் கிடந்த காலமும் வெளிநாட்டு வேலைக்குப் போன சில ஆண்டுகளும் போக, வாழ்நாளில் பெரும்பகுதி அம்மாவோடுதான். 1977 ஜனவரியில் கொலேஜ் த பிரான்ஸில் பேராசிரியராகத் தொடக்க உரை ஆற்றினார்; பிரெஞ்சு அறிஞர் ஒருவர் ஏறக்கூடிய மிக உயரமான மேடைகளில் ஒன்று அது. அதே ஆண்டு அக்டோபர் 25-இல், 84 வயதில், தாய் இறந்தார். கடைசி மாதங்களில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது மகன்தான்.

மறுநாளே எழுதத் தொடங்கினார். தட்டச்சுத் தாளை நான்காக வெட்டிய சிறு சீட்டுகள். ஒரு சீட்டில் ஒரு வரி, இரண்டு வரி. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீண்ட அந்தச் சீட்டுகள் அவர் இறந்து 29 ஆண்டுகள் கழித்து, 2009-இல், துக்க நாட்குறிப்பு என்று புத்தகமாயின. உளவியல் பாடப்புத்தகத்துச் சொல் தன் நிலைக்குப் பொருந்தவில்லை என்பதையும், தனக்கு இருப்பது வெறும் வருத்தம், நெஞ்சு வலிக்கிற வருத்தம் என்பதையும் அவர் அதில் குறித்திருக்கிறார். துக்கம் நாளாக ஆகத் தேய்வதில்லை, விட்டு விட்டு வருகிறது என்பதை அந்தச் சீட்டுகளின் ஒழுங்கின்மையே காட்டுகிறது.

தாய் இறந்தபின் வீட்டில் இருந்த புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியதைப் பற்றி, 1980-இல் வந்த ஒளிப்படம் குறித்த தன் நூலில் எழுதுகிறார். எதிலும் அம்மா அகப்படவில்லை. கடைசியில் ஒரு பழைய படம் கிடைக்கிறது. 1898-இல் எடுத்தது, கண்ணாடிக் கூரையுள்ள ஒரு தோட்டத்தில் தன் அண்ணனோடு நிற்கும் ஐந்து வயதுச் சிறுமி. அதில்தான் அம்மாவைக் கண்டதாகச் சொல்கிறார். தான் பிறப்பதற்கு 17 ஆண்டுகளுக்கு முந்தைய படத்தில் எப்படித் தன் தாயைக் காண முடிந்தது? அதற்கும் விடை தருகிறார். நோயில் தளர்ந்து, தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றிப் புகட்ட வேண்டிய நிலைக்கு வந்தபோது, அம்மா அவருக்குச் சிறு பெண்ணாகிவிட்டார். பிள்ளை பெறாத அவர், தன் தாயையே பிள்ளையாகப் பெற்றார். படத்தில் இருந்த சிறுமியை அவருக்கு முன்பே தெரியும்.

அந்தப் படத்தை அவர் நூலில் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது பழைய காலத்துப் படம் ஒன்று, அவ்வளவுதான் என்றார். நூல் வெளிவந்த சில வாரங்களில், பிப்ரவரி 25-இல், பாரிஸ் தெருவில் ஒரு சலவை நிறுவனத்தின் வேன் மோதி, மார்ச் 26-இல் இறந்துபோனார்.

நம் வீட்டுக் கூடத்துப் படத்தையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்தது. பட்டுப்புடவை, நகை, நிறைந்த முகம். ஊருக்குத் தெரிந்த அம்மா அதுதான். பார்த்துக்கொண்டவருக்குத் தெரிந்த அம்மா, கன்னம் ஒட்டி, தலைமுடியைக் கட்டையாக வெட்டி, நைட்டி போட்டுக்கொண்டு, மூக்கில் டியூப்போடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து சிரித்த அம்மா. அந்த முகத்துக்குப் படம் இல்லை. இருந்தாலும் மாட்டமாட்டார்கள். போனில் யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் ஒரு சின்ன வீடியோவில் மட்டும் அது இருக்கிறது.

பார்த்தைவிடச் சங்கடமான உண்மைகளை எழுதியவர் ஆன்னி எர்னோ, 2022-இல் இலக்கிய நோபல் பெற்றவர். நார்மண்டியில் மளிகைக்கடையும் காபிக்கடையும் நடத்திய அவர் தாய்க்கு அல்சைமர் வந்தது. சில மாதங்கள் தன் வீட்டில் வைத்துப் பார்த்தார். முடியாமல் போய், மருத்துவமனையின் முதியோர் பிரிவில் சேர்த்தார். ஒவ்வொரு முறை பார்த்துவிட்டு வந்தபின்னும் குறிப்பு எழுதினார். 1986 ஏப்ரல் 7-இல் தாய் இறந்தார். தாயின் வாழ்க்கையைச் சொல்லும் நூலை இரண்டு வாரத்துக்குள் எழுதத் தொடங்கி 1988-இல் வெளியிட்டுவிட்டார். அந்த மருத்துவமனைக் குறிப்புகளை வெளியிட அவருக்கு மேலும் ஒன்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அருவருப்பு, எரிச்சல், குற்ற உணர்வு, அதற்கு நடுவே பொங்கிய பாசம் எல்லாம் அவற்றில் இருந்தன. நோபல் வாங்கப்போகிற ஒரு பேனாவுக்கே அத்தனை காலம் ஆயிற்று என்றால், எழுதிப் பழகாத ஒரு மகள் அதை யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வாள்?

அந்த ஒரு நாள்

பார்த்துக்கொண்டவர் சொல்லாமல் வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு நாளைப் பற்றியதாக இருக்கும். மூன்றாவது முறை துணியை நனைத்தபோது அம்மாவைப் பார்த்துக் கத்திய நாள். கையை அழுத்திப் பிடித்த நாள். "செத்துத் தொலையேன்" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுத நாள். மூவாயிரம் நாள் பார்த்துக்கொண்டதை நினைவு தூக்கி ஓரமாக வைத்துவிடும். அந்த ஒரு நாளை மட்டும் விடிகாலை மூன்று மணிக்குக் கொண்டுவந்து முன்னால் போடும்.

இரண்டாவது, கையெழுத்து. வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் கேட்டபோது, அண்ணன் போன் எடுக்கவில்லை என்பதால் தனியாக நின்று கையெழுத்துப் போட்டது. மீளமுடியாத நிலையில் செயற்கை உயிர்காப்பைத் தவிர்ப்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 தீர்ப்பில் ஏற்றது; 2023 ஜனவரியில் நடைமுறைகளையும் எளிதாக்கியது. சட்டம் ஏற்றுக்கொண்ட பிறகும், "இன்னும் நாலு நாள் வெச்சுப் பார்த்திருக்கலாமோ" என்று பதினாறாம் நாள் பந்தியில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை அந்தக் கையெழுத்தை அழியாத கறையாக்கிவிடுகிறது. சொன்னவர் அந்த நாலு நாளில் ஒரு நாள்கூட ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்தவராக இருக்கமாட்டார்.

மூன்றாவது, கடைசிக் கணம். பத்து வருஷம் பக்கத்திலேயே இருந்துவிட்டு, பால் வாங்கக் கீழே போன ஐந்து நிமிஷத்தில் உயிர் போனது. இது அடிக்கடி நடக்கிறது என்பதை வலிநிவாரண சிகிச்சைப் பிரிவுகளில் வேலை பார்க்கும் நர்ஸ்கள் நன்றாக அறிவார்கள். வீட்டில் இருப்பவருக்கு அதை யாரும் சொல்வதில்லை.

வேலையும் போனது

அம்மாவோடு போனது இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லவே கூச்சப்படுவார்கள். வேலை. காலை ஆறுக்கு மாத்திரை, ஏழுக்கு உடம்பு துடைப்பது, பத்தரைக்குக் கஞ்சி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுவது என்று நாளை நிமிர்த்தி வைத்திருந்த தூண் சாய்ந்துவிட்டது. மருந்துக் கடைக்காரரோடும் பிசியோதெரபிஸ்டோடும் இருந்த பேச்சு நின்றுபோனது. உலகத்தில் தன்னைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத ஒன்றைச் செய்துகொண்டிருந்தவர், ஒரே நாளில் எதற்கும் தேவைப்படாதவர் ஆகிறார்.

இதைச் சுமப்பது யார் என்பதை அரசாங்கக் கணக்கே சொல்கிறது. 2019-இல் நடந்த முதல் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாரைச் சம்பளமில்லாமல் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் 27.6 சதவீதம், ஆண்கள் 14 சதவீதம். அந்தப் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது சராசரி 134 நிமிடம். ஆண்கள் 76 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இதில் சேர்ந்தது என்பதால், படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பார்ப்பவரின் உண்மையான நாள் இந்தச் சராசரிக்குள் அடங்காது.

நாற்பது வயதில் வேலையை விட்டவர் ஐம்பதில் தனியாக நிற்கிறார். அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில் மருந்தும் மளிகையும் நடந்த வீடு என்றால், அந்தப் பணமும் அந்த மாதத்தோடு நின்றுவிடுகிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டும், ரேஷன் அட்டையில் பெயரை நீக்க வேண்டும். அம்மாவின் ஆதார் அட்டை, பாஸ்புக் எல்லாம் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பதால் அதுவும் அவர் தலையிலேயே. பிரிட்டனில் பராமரிப்பவருக்கு வாராவாரம் அரசு தரும் உதவித்தொகை, பராமரிக்கப்பட்டவர் இறந்த பின்னும் எட்டு வாரம் வரை தொடர்கிறது. பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த எட்டு வாரத்துக்குள், இவரும் ஏதோ ஒன்றை இழந்திருக்கிறார் என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டது அடங்கியிருக்கிறது.

பிறகு வீட்டுப் பேச்சு எழும். உயில் எழுதாமல் தாய் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்தில் மகன்களுக்கும் மகள்களுக்கும் கணவர் இருந்தால் அவருக்கும் சம பங்கு. பத்து வருஷம் உடனிருந்தவருக்கும் தீபாவளிக்கு வந்துபோனவருக்கும் ஒரே அளவு. சட்டம் வேறெப்படியும் எழுதியிருக்க முடியாது என்பது நியாயமான வாதம்தான். ஆனால் கூடப் பிறந்தவர்கள் சட்டம் இல்லையே. "இந்த வீட்டுல நீ இருக்கறவரைக்கும் இரு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று முதல் திவசத்துக்கு முன்னாலேயே வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

இன்னும் ஒரு தடவை வரட்டும்

துக்கத்துக்கு ஐந்து படிகள் என்ற பேச்சு எங்கும் பரவியிருக்கிறது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியபோது, சாகப்போகும் நோயாளிகளிடம் பேசியதிலிருந்து எழுதினார். இருப்பவர்கள் ஏற வேண்டிய படிக்கட்டாக அது பின்னர் மாறிப்போனது. பார்த்துக்கொண்டவரின் நாட்களுக்குக் கிட்ட வருவது, நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபெ, ஹெங்க் ஸ்குட் இருவரும் 1999-இல் முன்வைத்த விளக்கம். மனசு ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கம் போய்வருகிறது: ஒரு பக்கம் இழப்பு, இன்னொரு பக்கம் அடுத்த நாளின் பிழைப்பு. இரண்டில் எதிலும் நிலையாக நிற்காமல் ஆடுவதுதான் ஆரோக்கியம் என்கிறார்கள் அவர்கள். காலையில் கேஸ் கனெக்ஷனைத் தன் பெயருக்கு மாற்ற வரிசையில் நின்றவர், மாலையில் அம்மாவின் நைந்த காட்டன் புடவையில் முகம் புதைத்து அழுதால் இரண்டும் சரிதான். மாதாமாதம் அமாவாசை, வருஷத்துக்கு ஒரு திதி, ஆடியிலும் தையிலும் ஆற்றங்கரை என்று நம் முன்னோர் குறித்து வைத்த நாட்களும் இந்த ஊஞ்சலுக்குக் கட்டிய கயிறுகள்தான். அந்த நாளில் அழலாம். மற்ற நாட்களில் பிழைப்பைப் பார்க்கலாம்.

ஊஞ்சல் ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டால்? மாதங்கள் கழிந்தும் அம்மாவின் அறையைத் திறக்க முடியாமல், யாரோடும் பேச முடியாமல், தானும் போய்விட்டால் என்ன என்ற எண்ணம் விடாமல் வந்தால், அது மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆறு மாதத்துக்கு மேல் தணியாமல் வாழ்க்கையை முடக்கும் துக்கத்தைத் தனி நோயாக ஏற்றிருக்கிறது. அதே ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் ஏற்றது, ஓராண்டு என்ற எல்லையோடு. இதற்கென்றே கேத்ரின் ஷியர் வடிவமைத்த பேச்சு சிகிச்சை 2005-இல் சோதிக்கப்பட்டபோது, அதைப் பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் தேறினார்கள். ஒப்பிட எடுத்துக்கொண்ட இன்னொரு பேச்சு சிகிச்சையில் 28 சதவீதம். அந்தச் சிகிச்சை 16 அமர்வுகள். நம் ஊரில் முதல் அடியாக, 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிட்டுத் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் இலவச அரசு சேவை அது.

ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது மருத்துவமனை இல்லை. தெரிந்த முகம் ஒன்று வீட்டுக்கு வருவது. 1967-இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்திலேயே, நோயாளி இறந்த பிறகு குடும்பத்தைத் தொடர்ந்து பார்க்கும் வழக்கம் உருவாகிவிட்டது. வலிநிவாரண சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் எழுதிய வரையறையிலும், குடும்பத்தார் இழப்பைத் தாங்க உதவுவது அந்தச் சிகிச்சையின் பகுதியாகவே சொல்லப்படுகிறது. பக்கத்துக் கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய முயற்சி ஊர் ஊராகத் தொண்டர்களைத் திரட்டி, 2008-இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆயிற்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர் வீட்டுக்கு வலிநிவாரண நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் போகிறார்கள். படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டும்போது, பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரத்தோடு நிற்கும் மகளை அந்த நர்ஸுக்கு நன்றாகத் தெரியும். அவள் எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்பதும் தெரியும்.

அந்த நர்ஸ் அந்த வீட்டுக்கு இன்னும் ஒரு தடவை போகட்டும். பதினாறு முடிந்து, உறவெல்லாம் கலைந்து, கட்டில் போன பிறகு. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி எப்படியும் கையில் இருக்கிறது. இந்தத் தடவை அதை மகளின் கையில் கட்டிப் பார்க்கட்டும். சாப்பிட்டாயா, தூங்குகிறாயா என்று கேட்கட்டும். அம்மா முதுகில் கடைசிவரை ஒரு புண்கூடப் பெரிதாக விடாமல் நீ பார்த்துக்கொண்டாய், நான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லட்டும். சாட்சியாக இருந்த ஒருவர் வாயிலிருந்து அது வர வேண்டும். திட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் நடக்கிற காரியம் இது.

அரசாங்கம் வரும்வரை உறவுகள் காத்திருக்க வேண்டியதும் இல்லை. தலைத்திவசத்துக்கு எல்லோரும் மறுபடி கூடுவார்கள். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்ற பேச்சு வரும். அண்ணன், வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு என்பார். தங்கை, அதிரசம் என்பார். எல்லாம் நடமாடிய காலத்து அம்மாவின் ருசி. கடைசி வருஷங்களில் அம்மாவுக்குள் போனது வடிகட்டிய ராகிக் கஞ்சி, இருநூறு மில்லி, வெதுவெதுப்பாக, பத்தரை மணிக்கு. அது ஒருத்தருக்குத்தான் தெரியும். வடையும் பாயசமும் அதிரசமும் பரப்பிய தலைவாழை இலைக்கு அருகே, அந்த ஒருத்தர் ஒரு டம்ளரில் கஞ்சியையும் கொண்டுவருகிறார் என்றால், கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள்.